பொலோஞ்ஞாவிடம் விடைபெற்றவள்

(தங்கவயல் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சென்ற ஆண்டு இதே மேடையில் எனக்கு இடப்பட்ட பணி நன்றியுரை. நான்கு வரியில் முடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். இவ்வாண்டு செயலாளர் அவர்கள் என் பயணச்சீட்டுச் சாளரத்திற்கே வந்து, வரிசையில் நின்று, தம் முறை வந்ததும், "எனக்குச் சீட்டு வேண்டாம், உம்முடைய மகள் இத்தாலி சென்று வந்ததைப் பற்றி நீர் அரை மணி நேரம் பேச வேண்டும்" என்றார். பெங்களூர் வண்டி புறப்படும் நேரம். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். மறுத்துப் பேச நேரமில்லாமையால் ஒப்புக்கொண்டேன். ஆகவே இவ்வுரையில் குறையிருப்பின் அக்குறையில் ஒரு பங்கு அவருக்கும் உரியது.

நான் பத்தாம் வகுப்புத் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு இரயில்வேயில் சேர்ந்தவன். இத்தாலி நாட்டைக் கண்ணால் கண்டவன் அல்லன். என் மகள் அங்கிருந்து எழுதியவையும், தொலைபேசியில் சொன்னவையும், பின்னர் நான் தேடிப் படித்தவையுமே என் கைம்முதல். எனவே இது பயணக் கட்டுரை அன்று. ஒரு மாணவி ஒரு நகரத்தினிடம் விடைபெற்ற கதை. இன்னும் உண்மையாகச் சொன்னால், விடைபெற்றவள் அவள். அதனால் மனம் சங்கடப்பட்டவன் நான்.

அவள் பெங்களூரில் ஒரு கல்லூரியில் வரலாறு பயில்கிறாள். நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரையும் போல விடியலில் வண்டி ஏறி இரவில் வந்து இறங்குகிறவள். மூன்றாம் ஆண்டில் ஒரு பருவத்தை அயல்நாட்டில் படித்து வரலாம் என்று ஒரு திட்டம் கல்லூரியில் உண்டாம். அங்கே படிப்புக்கட்டணம் இல்லை. வழிச்செலவும் வாடகையும் நம் பொறுப்பு. அதைக் கேட்டதும் நான் சொன்ன முதற்சொல் 'முடியாது' என்பதே. இரண்டாம் சொல்லும் அதுவே. மூன்றாம் நாள் சேமநல நிதியில் முன்பணம் கோரி விண்ணப்பம் எழுதினேன். என் மனைவியின் வளையல்கள் இரண்டும் அடகுக்கடை சென்றன. உலகிற்கே தங்கம் அள்ளிக் கொடுத்த ஊரில் வாழ்கிறோம். நம் வீடுகளில் தங்கம் எவ்வளவு என்பது அடகுக்கடைக்காரருக்குத் தெரியும்.

2025ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அவள் புறப்பட்டாள். சாம்பியன் நிலையத்தில் வண்டி ஏறும்போது தாத்தாவின் காலைத் தொட்டு வணங்கினாள். "வருகிறேன் அப்பா" என்றாள். அவள் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. இதனை இங்கே குறித்துக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

அந்நகரத்தின் பெயரை ஆங்கில எழுத்தைக் கொண்டு 'போலோக்னா' என்றே நான் பல நாள் சொல்லி வந்தேன். மகள் திருத்தினாள். இத்தாலியர் நாவில் அது நம் ஞகரமாம். ஞாயிறு, ஞாலம் என்னும் சொற்களில் வரும் அதே ஒலி. ஆங்கிலத்தில் ஓரெழுத்தால் எழுத இயலாததை நாம் ஓரெழுத்தால் எழுதிவிடுகிறோம்: பொலோஞ்ஞா. இதில் எனக்கு ஒரு சிறு பெருமை. மொழியைப் பற்றி இச்சங்கத்தில் ஒரு சொல்லாவது சொல்ல வேண்டும் அன்றோ?

மிலான் நகருக்கும் பிளாரன்சு நகருக்கும் இடையில், போ ஆற்றுச் சமவெளியின் தென்விளிம்பில், அப்பினைன் மலையடிவாரத்தில் உள்ளது அந்நகரம். வடக்கும் தெற்கும் செல்லும் இருப்புப்பாதைகள் அங்கே கூடிப் பிரிகின்றன. நமக்குப் பங்காருப்பேட்டை எப்படியோ, இத்தாலிக்குப் பொலோஞ்ஞா அப்படி என்று நான் சொன்னபோது மகள் சிரித்தாள், என்றாலும் மறுக்கவில்லை. அங்குள்ள பல்கலைக்கழகம் 1088ஆம் ஆண்டில் தோன்றியதென்று மரபாகக் கூறுகிறார்கள். மேலை நாடுகளில் அதற்கு மூத்தது வேறில்லை. அக்காலத்தில் தொலைதூரத்திலிருந்து சட்டம் பயில வந்த மாணவர்கள் தாங்களே சங்கம் அமைத்து, ஆசிரியரைத் தாங்களே அமர்த்தி, தாங்களே ஊதியம் கொடுத்தார்களாம். ஆசிரியர் காலந்தாழ்த்தி வகுப்பைத் தொடங்கினாலும், சொல்லாமல் ஊரைவிட்டுச் சென்றாலும் அவருக்குத் தண்டத்தொகை விதிக்கும் உரிமை அச்சங்கத்திற்கு இருந்ததாம். நம் பள்ளிப் பருவத்தில் இச்செய்தி தெரியாமற் போனது நல்லதே.

அயலூர் மாணவர் பெருகப் பெருக, வீடு போதவில்லை. வீட்டுக்காரர் மேல்தளத்தைத் தெருப்பக்கம் நீட்டி அறை கட்டினர். நீட்டிய அறையைத் தாங்க மரத்தூண் நிறுத்தினர். தூணுக்கும் சுவருக்கும் இடையே நடைபாதை உண்டாயிற்று. 1288ஆம் ஆண்டில் நகர மன்றமே சட்டம் செய்தது: புதிய வீடு கட்டுவோர் யாவரும் இத்தகைய தூண் வரிசை அமைக்க வேண்டும், குதிரைமேல் அமர்ந்தவன் தலை இடிக்காமல் செல்லும் உயரம் வேண்டும், நிலம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை ஊராருடையது. இன்று நகரின் பழம்பகுதியில் மட்டும் முப்பத்தெட்டுக் கிலோமீட்டர் அளவுக்கு இத்தூண் நடைகள் உள்ளன. 2021ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அவை அறிவிக்கப்பெற்றன. மழையோ வெயிலோ, குடையின்றி ஊரையே சுற்றி வரலாம்.

இதைக் கேட்ட என் தந்தையார், "இது நம் திண்ணை அன்றோ?" என்றார். ஆம், வீட்டுக்குரியவன் ஒருவன், உட்காரும் உரிமை வழிப்போக்கனுக்கு. நம் சுரங்க லைன் வீடுகளில் திண்ணைக்கு இடமில்லை. மூங்கில் தட்டியால் ஒரு தாழ்வாரம் இறக்கிக்கொண்டோம். அத்தட்டிகளின் நிழலில்தான் நான் வாய்ப்பாடு படித்தேன். தட்டி போட்டவரெல்லாம் மாணவருக்கு இடம் கொடுப்பதாக எண்ணிப் போடவில்லை, பொலோஞ்ஞாவிலும் எண்ணியிருக்க மாட்டார்கள், வாடகைக்காகவே நீட்டியிருப்பார்கள். அதனால் என்ன?

அவ்வூரில் இரண்டு கோபுரங்கள் அருகருகே நிற்கின்றன. ஒன்று 97 மீட்டர் உயரம். மற்றது அதில் ஏறக்குறையப் பாதி. அதுவோ காணச் சகியாத அளவுக்குச் சாய்ந்திருக்கிறது. கவிஞர் தாந்தே தம் காவியத்தில் அச்சாய்வைக் குறிப்பிட்டிருக்கிறார் என்றால் அது எத்தனை காலமாகச் சாய்கிறது என்று நீங்களே கணக்கிடலாம். 2023ஆம் ஆண்டு அக்டோபரில் ஆபத்து மிகுந்ததென்று அவ்விடத்தை அடைத்துவிட்டார்கள். பட்டம் பெறுமுன் உயரமான கோபுரத்தில் ஏறிய மாணவன் பட்டமே பெறமாட்டான் என்பது அவ்வூர் நம்பிக்கை. "அடைத்து வைத்திருக்கிறார்கள் அப்பா, நான் தப்பித்தேன்" என்று எழுதினாள். தொள்ளாயிரம் ஆண்டுப் பல்கலைக்கழகத்தார்க்கும் பூனை குறுக்கே போகக் கூடாது என்பது போன்ற கொள்கை உண்டென்று அறிந்து என் மனைவிக்கு மெத்த ஆறுதல்.

இனி ஒரு செய்தியை விரித்துச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில், பொலோஞ்ஞாவிடம் விடைபெற்ற மாணவர்களுள் நமக்கு மிக நெருங்கியவர் என் மகள் அல்லள். 1680ஆம் ஆண்டில், மாந்துவா நகரை அடுத்த காஸ்திலியோனே என்னும் ஊரில் கான்ஸ்டன்டைன் பெஸ்கி என்பார் ஒருவர் பிறந்தார். யேசு சபையிற் சேர்ந்து, இரவென்னாவிலும் பொலோஞ்ஞாவிலும் பயின்றார். பின்னர்த் தாமே விரும்பிக் கேட்டு, மதுரைப் பணித்தளத்திற்கு அனுப்பும் ஆணை பெற்று, லிஸ்பன் துறைமுகத்தில் கப்பலேறி, 1710ஆம் ஆண்டு கோவா வந்து, அடுத்த ஆண்டு தமிழ்நாடு சேர்ந்தார். அவரையே நாம் வீரமாமுனிவர் என்று வழங்குகிறோம். தேம்பாவணி பாடியவர், சதுரகராதி தொகுத்தவர், பரமார்த்த குருவின் கதையால் நம்மைச் சிரிக்க வைத்தவர், குறிலையும் நெடிலையும் மயக்கமறப் பிரித்து எழுத ஏகார ஓகாரங்களுக்குத் திருத்தம் செய்தவர். நான் சீட்டு எழுதிய காலத்தில் 'கோலார்' என்னும் சொல்லை எழுதும்போதெல்லாம் அம்முனிவரின் கைவண்ணமே என் பேனாவில் இருந்ததென்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சற்று அழகாக எழுதியிருப்பேன்.

அம்முப்பது வயது இளைஞர் இத்தாலியைவிட்டுப் புறப்பட்டபோது யாரிடம் என்ன சொல்லி விடைபெற்றாரோ! தாயின் முகத்தைத் திரும்பப் பார்க்க இயலாதென்பது தெரிந்தே புறப்பட்டிருப்பார். அவர் திரும்பவே இல்லை. நம் மண்ணிலேயே முதிர்ந்து, நம் மொழியிலேயே மூழ்கி, தென்னாட்டிலேயே மறைந்தார்.

என் மகள் தன் வகுப்பில் பத்து நிமிடம் ஏதேனும் ஒரு பொருள்பற்றிப் பேச வேண்டியிருந்தபோது இவரைத் தேர்ந்தெடுத்தாள். அவர் படித்த ஊரிலேயே அவர் பெயர் அறிந்தார் அவ்வகுப்பில் ஒருவரும் இல்லை. சதுரகராதி தோன்றிய 1732ஆம் ஆண்டில்தான், லௌரா பஸ்ஸி என்னும் அம்மையார் பொலோஞ்ஞாவில் பட்டம் பெற்று, அங்கேயே இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியை ஆனார் என்பதையும் சேர்த்துச் சொன்னாளாம். ஒரே ஆண்டு; ஒன்று அவர் விட்டு வந்த ஊரில், மற்றொன்று அவர் வந்து சேர்ந்த ஊரில். ஆசிரியர் அவளைக் கரும்பலகைக்கு அழைத்து 'தேம்பாவணி' என்று தமிழில் எழுதச் சொன்னார். அதில் உள்ள ஏகாரத்தைச் சுட்டி, "இதனைத் திருத்தியவர் உங்கள் ஊர் மாணவர்" என்றாளாம். அன்றிரவு இச்செய்தி வந்தபோது இங்கே நள்ளிரவு கடந்திருந்தது. நான் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் படித்தேன்.

தேர்வுமுறை அங்கே விந்தையானது. பெரும்பாலும் வாய்மொழித் தேர்வு. முப்பதுக்கு மதிப்பெண், பதினெட்டு வந்தால் தேர்ச்சி. இதில் விந்தை என்னவெனில், கொடுத்த மதிப்பெண் பிடிக்கவில்லையென்றால் மாணவர் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு மீண்டும் வந்து தேர்வு எழுதலாம். முதலில் கிடைத்த இருபத்து மூன்றை மகள் வேண்டாமென்று சொல்லிவிட்டாள். எனக்கு நெஞ்சு நின்றுவிட்டது. பரிசோதகர் விதித்த அபராதத்தைப் பயணி ஒருவர் 'பிடிக்கவில்லை, வேறு தாருங்கள்' என்று சொன்னால் எப்படி இருக்கும்? மூன்று வாரம் கழித்து இருபத்தேழு வாங்கினாள். அதன்பின் நான் அம்முறையைக் குறை கூறுவதில்லை.

பொலோஞ்ஞா இரயில் நிலையத்தைப் பற்றி நான் கேட்ட கேள்விகளுக்கு அளவேயில்லை. 2013ஆம் ஆண்டு முதல் விரைவு வண்டிகளுக்கெனப் பூமிக்குள்ளே தனி நிலையம் இயங்குகிறது; இருபது மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம். ஒன்றன்பின் ஒன்றாக நகரும் படிகளில் இறங்கிச் செல்ல வேண்டும். மகள் அதைப் படம் பிடித்துத் தாத்தாவுக்குக் காட்டினாள். என் தந்தையார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் முப்பதாண்டு இறங்கியவர். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே ஆழம் சென்ற சுரங்கம் அது. அவர் படத்தை உற்றுப் பார்த்து, "இருபது மீட்டரா? எங்கள் கூண்டு கிளம்பியதும் கண்ணை மூடித் திறப்பதற்குள் அதைத் தாண்டிவிடும்" என்றார். பின்னர், "மேற்கூரைக்குத் தாங்கு கொடுத்திருக்கிறார்களா என்று கேள்" என்றார். கேட்டே விட்டார், மகளும் போய்ப் பார்த்துச் சொன்னாள்.

அந்நிலையத்தின் மேற்பகுதியில் ஒரு கடிகாரம் பத்து இருபத்தைந்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. 1980ஆம் ஆண்டு ஆகஸ்டு 2, சனிக்கிழமை. கோடை விடுமுறைக்குப் புறப்பட்ட கூட்டம். காலை 10.25 மணிக்கு இரண்டாம் வகுப்புப் பயணிகள் காத்திருக்கும் கூடத்தில் வெடிகுண்டு வெடித்தது. 85 பேர் மாண்டனர். இருநூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். புதிய பாசிசக் குழுவினர் பின்னர் அக்குற்றத்திற்குத் தண்டிக்கப்பட்டனர். நோயாளி வண்டிகள் போதாமையால் 37ஆம் எண் நகரப் பேருந்தின் சாளரங்களில் வெள்ளைத் துணி கட்டி, அதிலே உடல்களை ஏற்றிச் சென்றார்களாம். அக்கூடத்தின் சுவரிலே வெடிப்பின் பிளவை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். கடிகாரத்தையும் நினைவுக்காக நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் வகுப்புக் காத்திருப்புக் கூடம் என்றால் என்னவென்று நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. குழந்தைக்குப் பால் புட்டி, சாப்பாட்டு மூட்டை, 'வண்டி எத்தனை மணிக்கு?' என்று ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை கேட்கும் பெரியவர். சாளரத்தின் இப்பக்கத்தில் இருப்பவனுக்கு அவர்கள் தொல்லையாகவே தெரிவார்கள். இக்கதை கேட்ட நாள் முதல் என் நிலையத்தில் அக்கேள்விக்கு நான் சினந்து விடை சொல்வதில்லை. பெரும்பாலும் சொல்வதில்லை.

பருவம் முடிந்தது. ஜூலைத் திங்கள் வந்தது. அறையைக் காலி செய்யும் வாரத்தில் அவள் செய்த வேலைகளை எனக்கு நாள்தோறும் எழுதினாள். பிரஷர் குக்கரை அடுத்துக் குடிவரும் மாணவிக்கு விட்டாள். வெள்ளைச் சட்டைகளை வேண்டியவர்க்குக் கொடுத்தாள். ஒருநாள் விடியலில் எழுந்து புனித லூக்கா ஆலயக் குன்றுக்கு நடந்து சென்றாள். ஊரெல்லையிலிருந்து குன்றின் உச்சிவரை 3.8 கிலோமீட்டர், வழிநெடுகத் தூண் நடையே, 666 வளைவுகள். 1674இல் தொடங்கி நூறாண்டுக்கு மேல் கட்டினார்களாம். மேமாதத்தில் அக்குன்றிலிருந்து அன்னையின் திருவுருவம் ஊர்வலமாக நகருக்கு இறங்கி வரும். நம் தேர்த்திருவிழாவைப் போலவே தெருவெல்லாம் மக்கள் நிற்பார்களாம். வளைவுகளை எண்ணிக்கொண்டே ஏறியவள் முந்நூற்றுக்குமேல் எண்ணிக்கை தவறிவிட்டாள். உச்சியில் நின்று பார்த்தால் ஊர் முழுதும் செங்கல்லின் நிறம். "நம் சயனைடு மேட்டில் ஏறி நின்றால் இராபர்ட்சன்பேட்டை தெரியுமே, அப்படித் தெரிந்தது அப்பா, நிறம் மட்டும் வேறு" என்று எழுதியிருந்தாள்.

அவள் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு மூதாட்டி தனியே வாழ்ந்தார். இவள் அவரை 'நோன்னா' என்று அழைப்பாள். பாட்டி என்று பொருள். ஞாயிறுதோறும் அவர் மாவு பிசைந்து, நீண்ட குழவியால் மெல்லிய துணிபோல் தேய்த்து, சிறு சிறு சதுரமாக அறுத்து, உள்ளே பூரணம் வைத்து மடிப்பார். டோர்டெல்லினி என்று பெயர். நம் கொழுக்கட்டையின் சிற்றப்பன் மகன் என்று கொள்ளலாம். என் மகள் மடித்தவை வாய் திறந்துகொள்ளும். மூதாட்டி ஒன்றும் சொல்லாமல் அவற்றைத் தம் தட்டில் வைத்துக்கொள்வாராம்.

கடைசி நாளில் அவரிடம் விடைபெறச் சென்றவள், தான் கற்ற மொழியில் 'அத்தியோ' என்று சொல்லிவிட்டாள். மூதாட்டி அவள் கையைப் பிடித்துக் கடிந்துகொண்டார். அது ஒரேயடியாகப் பிரிகிறவர் சொல்லும் சொல்லாம். 'அர்ரிவெதேர்ச்சி' என்று சொல்ல வேண்டுமாம். மறுபடியும் காண்போம் என்பது அதன் பொருள். 'போகிறேன்' என்று சொன்னால் நம் வீட்டுப் பெரியோர் வாயைப் பொத்துவார்களே, 'போய் வருகிறேன் என்று சொல்' என்பார்களே, அதுவேதான். பிறகு மூதாட்டி உள்ளே சென்று அக்குழவியைக் கொண்டுவந்து இவள் கையில் கொடுத்தார்.

அன்றிரவு தொலைபேசியில் இதைச் சொல்லும்போது அவள் அழத் தொடங்கினாள். விம்மி விம்மி அழுதாள். ஆறுதல் சொல்ல வேண்டிய நான், என் நெஞ்சில் ஐந்து மாதமாகக் கிடந்ததைக் கொட்டிவிட்டேன். "இங்கிருந்து புறப்பட்டபோது உன் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. பெற்றவரையும் பிறந்த ஊரையும் விட்டுச் சென்றபோது வராத அழுகை, ஐந்து மாதம் இருந்த ஊருக்கு வருகிறதா?" என்றேன். மறுமுனையில் ஓசை நின்றது. "நாளைக்குப் பேசுகிறேன் அப்பா" என்று வைத்துவிட்டாள்.

கட்டிலில் படுத்திருந்த என் தந்தையார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். சுரங்கத் தூசு அவர் நெஞ்சில் படிந்திருப்பதால் நீளப் பேசமாட்டார். அன்று எழுந்து உட்கார்ந்து பேசினார். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாளோடு நம் சுரங்கம் மூடப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். அதற்குமுன் தாம் கடைசியாகக் கீழிறங்கிய நாள் அதுவே கடைசி என்று அவருக்குத் தெரியாதாம். மூடப்போவதாகப் பேச்சு இருந்தது. பேச்சு எப்போதுதான் இல்லை? மேலே வந்து, விளக்கறையில் விளக்கைக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல் வீடு வந்து குளித்துச் சாப்பிட்டாராம். "இன்னொரு முறை இறங்குவோம் என்று நினைத்தேன். என் தொப்பியைக்கூட அங்கேயே ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன். எந்தக் கல்லிடமும், எந்தக் கூண்டுக்காரனிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அழ வேளை கிடைத்திருக்கிறது குழந்தைக்கு. நீ ஏன் தடுக்கிறாய்?" என்றார்.

இருபது ஆண்டுக்கு மேலாக ஒரே வீட்டில் இருக்கிறோம். இதை அவர் எனக்குச் சொன்னதில்லை.

அவர் உறங்கியபின் நான் வாசலில் உட்கார்ந்து பலவற்றை எண்ணினேன். நம் ஊர் புறப்பட்டுப் போகிறவர்களின் ஊர். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்த பிறகு, வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் நம் பாட்டன்மார் இங்கே வந்தார்கள். கார்ன்வால் நாட்டவர் வந்தார்கள். தொடக்க காலத்தில் இத்தாலியச் சுரங்கத் தொழிலாளரும் இங்கே வேலை செய்திருக்கிறார்கள். எந்த ஊரிலிருந்து வந்து எப்படித் திரும்பினார்களோ! 2001க்குப் பின் எத்தனை குடும்பங்கள் சட்டி பானையோடு பெங்களூருக்கும் ஓசூருக்கும் சென்றன! அவர்களுக்குச் சீட்டுக் கொடுத்தவர்களுள் நானும் ஒருவன். திரும்பி வரும் சீட்டுக் கேட்டவர்களும் உண்டு, கேளாதவர்களும் உண்டு. கேளாதவர் முகத்தை நான் ஏறிட்டுப் பார்த்ததில்லை. சில்லறையை மட்டும் எண்ணினேன்.

மறுநாள் மாலை அவள் பேசவில்லை. அதற்கடுத்த நாள் புறப்படும் நாள். பொலோஞ்ஞா நிலையத்திலிருந்து விமான நிலையத்திற்குச் சிறு வண்டி ஒன்று செல்கிறது. அவ்வூரிற் பிறந்த மார்கோனியின் பெயர் அதற்கு. அதில் ஏறுமுன் நின்றுபோன கடிகாரத்தின் கீழிருந்து அழைத்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுக்குமுன் அவளே சொன்னாள்: "அப்பா, ஊரிலிருந்து கிளம்பும்போது அழாததற்குக் காரணம், நான் திரும்பி வருவேன் என்று எனக்குத் தெரியும். இந்த ஊருக்குத் திரும்புவேனா என்பது தெரியவில்லை. அவ்வளவுதான்." நான், "தாத்தா உன்னை அழச் சொன்னார்" என்றேன். அவள் சிரித்துவிட்டாள்.

வந்து சேர்ந்தாள். பங்காருப்பேட்டையில் வண்டி மாறி, மாரிக்குப்பம் வண்டியில் ஏறி, சாம்பியனில் இறங்கினாள். நான் பணியில் இருந்தேன்; சாளரத்தைவிட்டு எழ முடியவில்லை. அவளே வரிசையில் வந்து நின்று சாளரத்தில் முகத்தைக் காட்டினாள். இளைத்திருந்தாள். தாத்தாவிடம் சென்றதும் முதலில் அவர் கேட்டது, "அந்தக் கூரைக்கு நன்றாகத்தானே தாங்கு கொடுத்திருக்கிறார்கள்?" என்பதே.

இப்போது முதுகலை இரண்டாண்டுக்கு அங்கேயே செல்ல விண்ணப்பித்திருக்கிறாள். இம்முறை நான் முடியாது என்று சொல்லவில்லை; முடியும் என்றும் வாய்திறந்து சொல்லவில்லை. படிவத்தில் கையொப்பம் மட்டும் இட்டேன். இங்குள்ள பெற்றோருக்குப் பயன்படும் என்பதால் ஒன்று சொல்கிறேன். அங்கே அரசு சார்ந்த உதவித்தொகை, மதிப்பெண்ணோடு குடும்பத்தின் வருமானத்தையும் பார்த்துக் கொடுக்கப்படுகிறது. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு அது தடையன்று, அதுவே தகுதி. வருமானச் சான்றும் சொத்து விவரமும் இங்கே முறைப்படி பெற்று, இத்தாலிய மொழியில் பெயர்த்து, சான்றொப்பம் பெற்றுக் கொடுக்க வேண்டும். மூன்று மாதமாவது முன்கூட்டித் தொடங்குங்கள். மேற்கொண்டு விவரம் வேண்டுவோர் என் சாளரத்திற்கு வரலாம். வண்டி இல்லாத நேரத்தில் வந்தால் நன்று.

அந்த மூதாட்டி கொடுத்த குழவி பெட்டிக்குள் மூலைக்கு மூலை குறுக்காக வைத்ததும் மயிரிழையில் அடங்கிற்றாம். எங்கள் சப்பாத்திப் பலகைக்கு அது மிக நீளம். அடுப்படிக் கதவின் பின்னால் சாய்ந்து நிற்கிறது. என் தந்தையார் சில வேளைகளில் அதையே ஊன்றுகோலாக எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிறார். என் மனைவி துரத்திக்கொண்டு போய் வாங்கி வந்து கழுவி வைக்கிறாள். வருமானச் சான்று நேற்றுத்தான் கைக்கு வந்தது. நாளைக் காலை வண்டியில் பெங்களூருக்கு மொழிபெயர்ப்புக்குக் கொண்டு போகிறேன்.